சாயங்காலம் ஒரு சுற்று: செட்டிநாட்டில் வண்டியை உருட்டிக்கொண்டு ஊர் பார்ப்பது எப்படி

எங்கள் பக்கம் ஒரு கார் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஊர் மூன்றே காரணங்களைத்தான் ஒத்துக்கொள்ளும். இடம் பார்க்க வந்த புரோக்கர். பெண் பார்க்க வந்து வீடு தெரியாமல் அலைகிறவர்கள். இல்லாவிட்டால் வண்டி மக்கர். நான்காவதாகச் ‘சும்மா’ என்று ஒரு காரணம் இருக்கிறது என்பதை நம்ப வைக்க எனக்கும் அப்பாவுக்கும் ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. ஆரம்பத்தில் ஆடு ஓட்டிவருகிறவர்கூட ஜன்னல் பக்கம் குனிந்து, “என்னங்கய்யா, தள்ளி விடணுமா?” என்று கேட்பார்.

வாரம் மூன்று நாளாவது நாங்கள் போகிறோம். அப்பாவுக்கு 80 தாண்டிவிட்டது, முட்டி ஒத்துழைப்பதில்லை. பழைய மாருதி 800தான் அவருக்குக் கால். பள்ளத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். இந்த வட்டாரத்தில் பெரிய வீட்டைப் பார்க்கக் காலையில் ஆயிரம் பேர் வருகிறார்கள். அவர்களுக்கு வேறு வழிகாட்டி உண்டு. இது ஊரில் இருக்கிறவர்களுக்கும், பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் ஊர் வந்து மூன்றாம் நாளே என்ன செய்வதென்று தெரியாமல் போனைத் தேய்க்கிறவர்களுக்கும்.

சட்டம் ஒன்றே ஒன்று. யாராவது கையைக் காட்டினால் அந்த இடத்திலேயே நிற்கிற வேகத்தில் போக வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

எப்போது கிளம்புவது

சூரியன் விழுவதற்கு ஒன்றேகால் மணி நேரம் முன்னால் வீட்டை விட்டுக் கிளம்புங்கள். கார்த்திகையில் 6 மணிக்கு முன்பே இறங்கிவிடும், ஆகவே நாலரைக்கு வண்டி வெளியே வந்தாக வேண்டும். ஆனியில் 6.40 வரை வெளிச்சம் இருக்கும். ஐந்தரைக்குக் கிளம்பினால் போதும், அதற்கு முன்னால் போனால் ஸ்டியரிங் சுடும்.

என்னைக் கேட்டால் ஐப்பசியில் நல்ல மழை இரண்டு பெய்த பிறகு தை வரைக்கும்தான் காலம். இங்கே ஆற்றை நம்பி யாரும் இல்லை. வடகிழக்குப் பருவமழை கண்மாயில் என்ன விட்டுப்போகிறதோ அதுதான் வருடம் முழுக்க. அதனால் அந்த மாதங்களில் சுற்றுவதற்கே ஒரு காரணம் கிடைத்துவிடும்: எந்தக் கண்மாய் பெருகியது, எது பாதியில் நிற்கிறது.

வருடத்தில் இரண்டு சமயங்களில் மட்டும் கவனம் வேண்டும். தை 3 அன்று சிராவயல் மஞ்சுவிரட்டு. திருப்பத்தூர் சாலைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். தைப்பூசத்துக்கு முன்னால் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) காவடியும் நடைப்பயணமும் கிளம்பும். அந்த நாட்களில் எந்தச் சாலையிலும் இருட்டில் ஆள் நடந்துகொண்டிருப்பார்கள். போகாமல் இருக்க வேண்டாம், ஹெட்லைட்டைத் தாழ்த்திப் போங்கள்.

வண்டி

காரோ ஸ்கூட்டரோ, பழசாக இருந்தால் நல்லது. புது வண்டிக்காரன் கீறல் விழுமோ என்றே சாலையைப் பார்ப்பான், ஊரைப் பார்க்க மாட்டான்.

பார்க்க வேண்டியது டயர். இந்த மண்ணில் பள்ளத்தைவிட வேலிக்கருவை முள்தான் எதிரி. வெட்டிப் போட்ட கிளை ஒன்று சாலையோரம் கிடந்தால் போதும், முள் டயருக்குள் ஏறி ஒடிந்து உட்கார்ந்துகொள்ளும். காற்று உடனே இறங்காது, ராத்திரியோடு ராத்திரியாக இறங்கும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை பாருங்கள். எல்லோரும் சொல்வதுதான், எல்லோரும் மறப்பதும் அதுதான். டார்ச், ஒரு குடம் கொள்கிற தண்ணீர்க் கேன், பழைய கோணிச் சாக்கு இரண்டு. சாக்கு எதற்கு என்று கண்மாய் வரும்போது சொல்கிறேன்.

கண்ணாடியை இறக்கிவிடுங்கள், பாட்டு வேண்டாம். எங்கள் வண்டியில் ஏசி எப்போதோ செத்துவிட்டது, சரிசெய்யவில்லை. கண்ணாடி ஏற்றியிருந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள். அப்புறம், கரி மூட்டத்துப் புகை, நனைந்த செம்மண், எங்கோ தாளிக்கிற சோம்பு எல்லாம் வெளியிலேயே நின்றுவிடும்.

வயதானவரை முன் சீட்டில் இடது பக்கம் உட்காரவையுங்கள். வீடுகளும் ஆட்களும் அந்தப் பக்கம்தான் கைக்கு எட்டுகிற தூரத்தில் வருவார்கள். அவர் சொல்கிற கதை போன வாரம் சொன்னதற்கு மாறாக இருந்தால் திருத்தாதீர்கள். நான் திருத்தி, அடுத்த நாலு கிலோமீட்டர் பேச்சே இல்லாமல் ஓட்டியிருக்கிறேன்.

முதல் நிறுத்தம்: ஊரணி

வீட்டிலிருந்து நேரே சாலைக்குப் போகாமல் ஊரணியை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போங்கள். செட்டிநாட்டு ஊர்களின் அமைப்பு அங்கிருந்துதான் புரியும். தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடும், குறுக்குத் தெரு செங்கோணமாக வெட்டும். பெய்கிற மழை தெருவோரக் கால்வாய் வழியாக ஊரணிக்கு வந்து சேர்கிற மாதிரி வாட்டம் வைத்திருப்பார்கள். நம்பிக்கை இல்லை என்றால் மழை விட்ட அரை மணியில் போய்ப் பாருங்கள். வாட்டம் மறித்து எவனாவது சிமெண்டுத் தளம் போட்டிருந்தால் அந்த வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கும். எந்தெந்த வாசல் என்று அப்பா பட்டியலே வைத்திருக்கிறார்.

குடிதண்ணீர் ஊரணி என்றால் படிக்கட்டுப் பக்கம் வண்டியை விடக் கூடாது, செருப்போடு இறங்கக் கூடாது. பெண்கள் தண்ணீர் எடுக்கும்போது போனைத் தூக்காதீர்கள். படம் அழகாகத்தான் வரும். நாளைக்கு யாரும் உங்களை நிறுத்திப் பேச மாட்டார்கள்.

தெருவைப் படிப்பது

இந்தப் பகுதிக்கு நேரம் ஒதுக்குங்கள். செட்டிநாட்டு ஊர்களின் பெயர் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியது. பட்டியலில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் மழைக்கு ஓடு ஒழுகத்தான் செய்கிறது.

ஒரு பெரிய வீடு முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாக நீளும். சுற்றுலா வருகிறவர்கள் முன் தெருவோடு திரும்பிவிடுவார்கள், அங்கேதான் சுதைச் சிற்பமும் வளைவும். சாயங்காலத்துக்குப் பின் தெரு நல்லது. முன்பக்கம் பூட்டிக் கிடக்கிற வீட்டின் பின்வாசலில் கோலம் இருந்தால் உள்ளே ஒரு குடும்பம் காவலுக்கு இருக்கிறது. கோலமும் இல்லை, பூட்டைச் சுற்றித் துணி கட்டி அரக்கும் வைத்திருக்கிறது என்றால் பங்காளிகளுக்குள் வழக்கு. இப்படிப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு தெருவுக்குப் பதினைந்து நிமிடம் ஆகும்.

தேக்கு எல்லாம் பர்மாவிலிருந்து வந்தது. பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்கள் 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது கணக்குப் புத்தகத்தோடு திரும்பினார்கள், பலர் அதுவும் இல்லாமல். பிறகு விற்கத் தொடங்கிய தூணும் கதவும் பல கை மாறிக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் நிற்கின்றன. ஒரு வீடு இடிகிறபோது அதன் தூண்களை அப்பா எண்ணுவார். அவர் ஒரு வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். எண்ணுவது பழக்கம்.

அந்த வீட்டுச் சாவி இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. வீட்டுக்கார ஆச்சி சென்னையில். நீங்களும் யாருக்காவது சாவி வைத்திருப்பீர்கள், இந்தப் பக்கம் அது சகஜம். அப்படி இருந்தால் சாயங்காலச் சுற்றிலேயே வெளிப் பார்வையை முடித்துவிடலாம். இறங்கக்கூட வேண்டாம். முதலில் தண்ணீர் இறங்கும் தூம்பைப் பாருங்கள். சுவரில் பச்சை படிந்திருந்தால் மேலே அடைப்பு. அடுத்து ஜன்னல்கள். கடைசியாக, இதுதான் முக்கியம், மேல்சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். காக்கை எச்சத்தில் வருகிற விதை. விரல் நீளத்தில் இருக்கும்போது பிடுங்கினால் வேரோடு வரும். இரண்டு மழை விட்டுவிட்டால் வேர் சுண்ணாம்புக் காரைக்குள் போய்ச் செங்கலைப் பிரித்துவிடும். அப்புறம் மேலே வெட்டினாலும் உள்ளிருந்து தழைக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டு முகப்பு அப்படித்தான் போனது. ஒரு இலை தெரிந்தபோது, “நாளைக்கு ஆள் விட்டுப் பார்த்துக்கலாம்” என்றேன். வேறொருவர் பொறுப்பில் இருந்த வீடுதான், ஆனாலும் பார்த்தவன் நான்.

மாதம் ஒரு தடவை மட்டும் உள்ளே போனால் போதும். எல்லாக் கதவையும் திறந்து காற்று விட்டு, நிலையடியில் கரையான் மண் ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துவிட்டு வர ஒரு மணி நேரம் பிடிக்கும். அதைச் சாயங்காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். இருட்டினால் வௌவால்.

கண்மாய்

ஊரை விட்டு வெளியே வந்ததும் தைல மரக்காடு, பிறகு பொட்டல், பிறகு கரை தெரியும். கண்மாயில் பார்ப்பதற்கு ஒழுங்கு ஒன்று இருக்கிறது. முதலில் வரத்துக்கால்: தண்ணீர் உள்ளே வருகிற வழி, அடைத்திருக்கிறதா, ஓடுகிறதா. பிறகு மடை: வயலுக்குத் திறந்துவிடுகிற வாய். கடைசியில் கலுங்கு: நிறைந்தால் வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகிற இடம். ஒரு கண்மாயின் மிச்சம் அடுத்த ஊருக்கு வரத்து. கலுங்கு பாய்கிற அன்று சாயங்காலம் ஊரே அங்கேதான் நிற்கும். நீங்கள் ‘சும்மா’ வந்ததாகச் சொன்னால் அன்றைக்கு மட்டும் எல்லோரும் நம்புவார்கள்.

கரைமேல் காரை ஏற்றாதீர்கள். திரும்ப இடம் இருக்காது, கரையும் கெடும். கீழே உள்வாய்ப் பக்கம் மாட்டு வண்டித் தடம் இருக்கிறதே என்று இறக்கவும் செய்யாதீர்கள். மேலே காய்ந்து வெடித்த மாதிரிதான் தெரியும். ஒரு ஐப்பசியில் நான் இறக்கினேன். முன் சக்கரம் இரண்டும் அச்சு வரைக்கும் போயிற்று. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் செம்மண் கூழ் கண்ணாடி வரைக்கும் அடித்தது. அப்பா இறங்க முடியாது. உள்ளேயே உட்கார்ந்து, மடியில் இருந்த தேன்குழலை ஒடித்து ஒடித்துத் தின்றுகொண்டு, “மிதிக்காதடா, மிதிக்காதடா” என்று மட்டும் சொன்னார். சரியான யோசனைதான். மிதிக்காமல் சக்கரத்துக்கு முன்னால் மண்ணை வழித்து, சாக்கை மடித்துச் செருகி, இரண்டாவது கியரில் மெதுவாக எடுத்தால் பாதி வண்டிகள் வந்துவிடும். அன்றைக்கு எங்களிடம் சாக்கு இல்லை. டிராக்டர்தான் வந்தது. இழுத்தவர் காசு வாங்கவில்லை, ஆனால் ஆறு மாதம் அந்தக் கதையைச் சொன்னார்.

அதே போல் மழைக்காலத்தில் தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடினால் கணுக்கால் அளவுதானே என்று இறங்க வேண்டாம். தளம் அடியில் அறுந்திருந்தால் மேலிருந்து தெரியாது. திரும்பிவிடுங்கள். அவசரமாகப் போகிற இடம் ஒன்றும் இல்லை அல்லவா.

சூரியன் விழும் நேரத்துக்குக் கண்மாயில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினை அணைத்துவிடுங்கள். கொக்குகள் வரிசையாக அடையப் போகும், ஆள்காட்டி கத்தும், எதிர்க்கரையில் மயில் அகவும். பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் கொசு.

அய்யனாரும் டீக்கடையும்

கரையோரமே பெரும்பாலும் அய்யனார் இருப்பார். புரவி எடுப்பில் கொண்டுவந்து வைத்த மண்குதிரைகள் புதிது, பழையது, கழுத்து ஒடிந்தது என்று வரிசையாக நிற்கும். ஒடிந்ததை நேராக்கி வைக்க வேண்டாம், எடுத்து வரவும் வேண்டாம், அது அங்கேயே மண்ணாகப் போக வேண்டியது. வண்டியைத் தள்ளியே நிறுத்தி ஹெட்லைட்டை அணைத்துவிடுங்கள். அப்பா சீட்டில் இருந்தபடியே கும்பிடுவார்.

அங்கிருந்து நாங்கள் கானாடுகாத்தானுக்கு விடுவோம். ராஜா அண்ணாமலை செட்டியார் அரண்மனை இருக்கிற தெருவில் வெளியூர்க் கார்கள் கிளம்பிப் போயிருக்கும் நேரம். இரண்டு தெரு சும்மா உருட்டிவிட்டுச் செட்டிநாடு ஸ்டேஷன் வரைக்கும் ஒரு நடை. திருச்சி, காரைக்குடி ரயில் நிற்கிறதோ இல்லையோ, பிளாட்பாரத்து வேப்ப மரத்துக்கு அடியில் காற்று வரும்.

டீக்கடை விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். முன்னால் பைக்குகள் நிற்கிற கடை வேண்டாம், சைக்கிள்கள் நிற்கிற கடை வேண்டும். இடைப்பலகாரத்தை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். அம்மா இருந்தவரை வெள்ளைப் பணியாரம் சுட்டுத் தூக்கில் போட்டுத் தருவார். ஒரு டம்ளர் பச்சரிசி, அதே டம்ளரின் தலையில் கோபுரமாக நிற்கிற அளவு உளுந்து, அவ்வளவுதான் கணக்கு. இப்போது நானே சுடுகிறேன், ஓரம் முறுகிவிடுகிறது. வரமிளகாய்த் துவையலைத் தனிச் சம்படத்தில் வையுங்கள், சீட்டில் கொட்டினால் கறை போகாது.

கடையில் உட்கார்ந்து நலம் விசாரிக்கிறேன் என்று தொடங்கினால் “இருக்கேன்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். குறிப்பாக ஒன்றைக் கேளுங்கள். “மேலமடையில தண்ணி விட்டாச்சா?” என்று கேட்டால் அரை மணி நேரத்துக்குப் பேச்சு கிடைக்கும். யார் மோட்டார் போட்டுத் திருடுகிறார்கள் என்பது வரை வரும். அதை அடுத்த கடையில் சொல்லாமல் இருப்பது உங்கள் சாமர்த்தியம்.

நேரம் இருந்தால் நீட்டிக்கொள்ள

ஆத்தங்குடிக்குப் போவதாக இருந்தால் வரிசையை மாற்றி அதை முதலில் வையுங்கள், பட்டறைகள் பகலோடு முடிந்துவிடும். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து, கலர் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அமுக்கி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறவைப்பார்கள். சூளை கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. தகட்டிலிருந்து கல்லைப் பிரித்துத் திருப்புகிற நொடியைப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் ஒரே சுற்றில் வரும், நடுவே சில கிலோமீட்டர்தான். சங்கடஹர சதுர்த்தி அன்று மட்டும் வேண்டாம். வடக்கே போனால் திருமயம் கோட்டை, ஏறுகிற காலுள்ளவர்களுக்கு. இன்னும் தள்ளிப் புதுக்கோட்டைச் சாலையில் நமணசமுத்திரம், மண்குதிரைகளுக்காகவே.

ஐப்பசிக்குப் பிறகு ஒரு நாளை முழுசாக ஒதுக்க முடிந்தால் திருப்பத்தூர் தாண்டி வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அங்கே நீங்கள் ஹாரன் அடித்தால் நன்றாக இருக்காது.

கோட்டையூர் வழியாகத் திரும்பினால் கொஞ்சம் சுற்று. அப்பாவுக்காக நான் அப்படித்தான் வருவேன். அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர். அப்பாவுக்கு அதைவிட ரோஜா முத்தையாவைப் பற்றிச் சொல்லத்தான் பிடிக்கும். புத்தகத்தோடு நிற்காமல் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று எதையும் விடாமல் சேர்த்தவர். அவர் சேர்த்ததெல்லாம் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக இருக்கிறது. “நம்ம வீட்டுப் பேரேட்டை எல்லாம் எடைக்குப் போட்டோமே” என்று அந்த ஊர் எல்லையில் ஒவ்வொரு முறையும் சொல்வார். நான் கியரை மாற்றுவேன்.

இருட்டினபின்

திரும்பும்போது 30க்கு மேல் வேண்டாம். மாடுகள் வீடு போய்ச் சேர்ந்திருக்கும், ஆனால் சாலை சூடாக இருப்பதால் நாய்கள் நடுவிலேயே படுத்திருக்கும், பாம்பும் வரும். தை, மாசியில் வைக்கோலைச் சாலையில் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் பிரேக் அடித்தால் வழுக்கும், வெகுநேரம் ஓட்டினால் அடியில் சுற்றிக்கொண்டு புகையும். எதிரே வருகிற சைக்கிளுக்கு விளக்கு இருக்காது என்று வைத்துக்கொண்டே ஓட்டுங்கள்.

வீடு வந்ததும் ஆச்சிக்கு ஒரு போன். “வீடு பாத்தாச்சா தம்பி?” என்பார். நல்ல செய்தி என்றால் ஒரு வரி, கெட்ட செய்தி என்றால் என்ன செய்யப்போகிறோம் என்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள். “எங்கெங்க போனீங்க?” என்று கேட்டால் தெருத் தெருவாகச் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு ஒரு தெருவை விட்டுவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்.

எங்கள் சுற்று கோட்டையூர் சேர்த்தால் 30 கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். பெட்ரோல் இரண்டு லிட்டர்.

கடைசி வேலை மறுநாள் காலையில். வெயில் ஏறுவதற்கு முன்னால் நாலு டயரையும் பாருங்கள். கருவை முள் ஒடிந்து கறுப்புப் புள்ளியாக ரப்பரோடு ரப்பராக இருக்கும். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “கொஞ்சம் முன்னால தள்ளு” என்பார். நான் வண்டியைக் கையாலேயே தள்ளுவேன். பின்னூசியால் கெல்லி எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். நேற்று இரண்டு.